சேற்று மாமியாரின் கை

நடந்ததைத்தான் சொல்கிறேன். நம்பாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். கெஞ்சிக் கூப்பிடும் பழக்கம் எனக்கில்லை.

‘சேற்று மாமியார்’ என்றொரு படம். பேய்ப் படமாம், அதிலும் சிரிப்புப் படமாம். அயர்லாந்தின் சதுப்பு நிலத்திலிருந்து ரப்பர் உடம்போடு ஒரு மாமியார் எழுந்து வந்து மருமகன்களைத் தின்கிறாள். தியேட்டரில் ஒரு வாரம்கூட ஓடாத குப்பை. பிறகு வீடியோ கேசட்டாகக் கைமாறிக் கைமாறி, குடித்துவிட்டுப் பார்த்துச் சிரிக்கவே ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டது. இருபது வருஷம் கழித்து டிவிடி போட்டார்கள். படம் ஓட ஓட இயக்குநர் கூடவே பேசிக்கொண்டு வருவாராம், அதையும் பதிவு செய்து சேர்க்க வேண்டுமாம். அந்த வேலை என் தலையில் விழுந்தது.

இயக்குநர் டீர்னன் ஒரு நவம்பர் மத்தியானம் டப்ளினில் என் ஒலிப்பதிவு அறைக்கு வந்தார். உலக மகா கலைஞன் என்ற நினைப்பு. ஒரே மைக். உள்ளே நாங்கள் இருவர்தான். கதவை நானே பூட்டினேன்.

படம் ஓடியது. மாமியார் சேற்றிலிருந்து எழுந்தாள்.

“தலையோட காலோட மூடற அந்த ரப்பர் சட்டைக்குள்ள இருக்கறவன் மலாக்கி,” என்றார். “ஜிப்பு முதுகுல. இன்னொருத்தர் திறந்துவிட்டாத்தான் வெளிய வர முடியும். உள்ள கிடந்து கத்தினாலும் கேக்காது. நமக்கு வசதி, நடிகன் புலம்பலைக் கேக்க வேண்டாம் பாருங்க.”

தன் ஜோக்குக்குத் தானே சிரித்தார். என் ஹெட்போனில் இன்னொரு சத்தம்... மூச்சு. ஈரத்துணிக்குள்ளிருந்து இழுப்பது போல.

“கொஞ்சம் தள்ளி உக்காருங்க. உங்க மூச்சு மைக்ல விழுது.”

“நான் மூச்சே விடலையே ஓர்லா.”

பொய் என்று நினைத்தேன். சொல்லக்கூடிய ஆள்தான். ஒயரை மாற்றினேன். மூச்சு போகவில்லை. கூடவே இன்னொன்று... கொளக்... கொளக்...

கடைசிக் காட்சி வந்தது. மாமியார் சேற்றில் அமிழ்கிறாள். தலை போய்விட்டது. கை மட்டும் மேலே நின்று ஆடுகிறது.

“ரசிகர்களுக்கு உயிரே இந்த சீன்தான்,” என்று டீர்னன் தொடையைத் தட்டினார். “முங்குடான்னுதான் சொன்னேன். பய டாட்டா காட்டறான் பாருங்க. அவன் ஒழுங்கா நடிச்சது இது ஒண்ணுதான்.”

“அப்புறம் என்ன ஆனார்?”

“மழை கொட்டிடுச்சு. எல்லாரும் பப்புக்கு ஓடிட்டோம். அவன் வரல. காலைலயே என்கூட சண்டை. கோவிச்சுக்கிட்டு இங்கிலாந்து போயிட்டான். என் ரப்பர் சட்டையையும் திருடிக்கிட்டு.”

ஹெட்போனில் அந்த மூச்சு நின்றது.

பிறகு, என் காதுக்குள்...

“கையத் தூக்கினேனே.”

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தேன்.

டீர்னன் சிரித்துக்கொண்டிருந்தார்.

பதிவைப் போட்டுக் காட்டினேன். அவர் முகம் வெளுத்தது. “யாரோ விளையாடறாங்க. அழிச்சுடு. இந்த சீன்ல என் குரல் மட்டும் போதும்,” என்று சொல்லிவிட்டுக் கோட்டை மாட்டினார். அவ்வளவுதான் அந்த மனிதர்.

நான் அழிக்கவில்லை. ரப்பர் சட்டையைச் செய்த நுவாலாவைத் தேடிப் பிடித்தேன். அவள் அதை இரண்டு முறை கேட்டாள்.

“மலாக்கி குரல்தான்,” என்றாள். “மூச்சு முட்டினா கையத் தூக்கி ஆட்டணும்னு பேசி வெச்சிருந்தோம். டீர்னனுக்கும் தெரியும். நான்தான் எப்பவும் ஜிப்பைத் திறந்துவிடுவேன். அன்னிக்குக் காய்ச்சல்ல படுத்துட்டேன். வேற யாராவது திறந்துவிட்டிருப்பாங்கன்னு...”

பதிவின் நகலை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

நுவாலா போலீசுக்குப் போனாள். கோடையில் அந்தச் சதுப்பைத் தோண்டினார்கள். டீர்னன் டிவி கேமரா முன்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டிவிடி இரண்டாம் முறை அச்சானது. அந்தக் காட்சியை வெட்டவில்லை. இன்னும் சிரிக்கிறார்கள்.

பூட்டிய அறைக்குள் மலாக்கி எப்படி வந்தான்? தெரியாது.

ஆனால் சதுப்பு மண் எதையும் லேசில் அழுகவிடாது. ரப்பர் சட்டை அப்படியே கிடைத்தது. முதுகு ஜிப் மூடியிருந்தது.

உள்ளே அவன் இருந்தான்.

கையைத் தலைக்கு மேலே தூக்கியபடி.