எல்லாரும் அமர்ந்த பிறகு

புலம்பெயர்ந்து வந்த மல்வேர்னில் நாங்கள் நடத்தும் தமிழ்ப் புத்தக வெளியீடுகளுக்கு ஒருவர் தவறாமல் வருவார். நெடிய உருவம். மண்டபத்துக்குள் எவ்வளவு வெக்கையாக இருந்தாலும் குளிர் ஜக்கெற்றைக் கழற்ற மாட்டார். அதோடு முன்வரிசையில்தான் இருப்பார்.

கூட்டம் தொடங்கும்போது மறைந்தவர்களுக்காக எழுந்து ஒரு நிமிடம் மௌனமாக நிற்போம். நான் "நன்றி, அமருங்கள்" என்றதும் மண்டபமே அமரும். அவர் மட்டும் நிற்பார். பின்னால் இருப்பவர்களுக்கு மேடை மறையும். ஏச்சு எனக்கு விழும்.

ஒருநாள் பொறுமை இழந்து மேடையை விட்டு இறங்கினேன். "அண்ணை, முடிஞ்சுதெல்லோ, இருங்கோவன்."

"உங்கட ஆக்களுக்கு முடிஞ்சுது தம்பி. மலாயாவில வெள்ளைக்காரனை எதிர்த்த மலாய் இடதுசாரிக் கட்சி ஒண்டு இருந்தது. ஆக்களைப் பிடிச்சு மறியலில அடைச்சுக் கட்சியையே இல்லாமல் பண்ணிப்போட்டாங்கள். சுதந்திரம் வாங்கின பேர் வேற ஆக்களுக்குப் போச்சு. நான் அவைக்கு நிக்கிறன்."

"மலாய்க்காரருக்கு நீங்கள் ஏன் நிக்கிறியள்? இஞ்ச ஒரு மலாய்க்காரரும் இல்லையே."

"இருந்தால் அவை நிப்பினம்தானே. நான் ஏன் கால் நோக நிக்கப்போறன்?"

நான் மேடைக்கே திரும்பிவிட்டேன். போன மாதம், அவர் நிற்பதைப் பார்த்து மௌனம் முடியவில்லை என்று நினைத்து, பின்வரிசைக்காரர் நாலைந்து பேரும் அமரவில்லை.

வேறு வழியில்லை. இந்த முறை, மலாயாவில் சிறைப்பட்டவர்களுக்கு இரண்டாவது நிமிடம் என்று நானே மைக்கில் அறிவித்தேன். அதுவும் முடிந்து மண்டபமே அமர்ந்தது. அவர் நின்றுகொண்டிருந்தார்.

இப்போது யாருக்கு என்று கேட்க வாயெடுத்தேன். கேட்டால் மூன்றாவது நிமிடமும் என் தலையில் விழும் என்று பயந்து முதல் பேச்சாளரை மேடைக்கு அழைத்துவிட்டேன்.