பிளேட் உடையவில்லை

வாயை மூடினேன், பற்கள் சேரவில்லை. சந்தாபுரா அருகே மழையில் ஸ்கூட்டர் வழுக்கி, முகவாய் தரையில் மோதியதும் முதலில் தெரிந்தது அதுதான். வலி பிறகுதான் வந்தது.

ஸ்கேனில் மாண்டிபிள் (கீழ்த்தாடை எலும்பு) இடது காதுக்குக் கீழே முறிந்திருந்தது. மருத்துவர் காகிதத்தில் ஒரு தாடை வரைந்தார். மெல்லும்போது முறிவின் மேல்விளிம்பு பிளக்கும், கீழ்விளிம்பு நெருங்கும். மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு மினிபிளேட் (மெல்லிய டைட்டானியம் பட்டை) வைத்தால் போதும் என்றார்.

பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் உலோகப் பாகங்களை வளைத்தும் இழுத்தும் சோதிப்பது என் வேலை. மருத்துவர் எடுத்துக் காட்டிய பட்டையைப் பார்த்ததும் நம்பிக்கை வரவில்லை.

"தடிமனா ஒண்ணு போட முடியாதா, மேடம்?"

"போடலாம். அதுக்கு வெளிய, தாடைக்குக் கீழ வெட்டணும். முகத்தை அசைக்கிற நரம்பு பக்கத்துலயே போகுது. உங்களுக்கு இது போதும். ஆனா ஆறு வாரம் எதையும் மெல்லக் கூடாது."

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. என் தொழிலைக் கேட்டிருந்த மருத்துவர், பயன்படுத்தாமல் ஒதுக்கிய ஒரு பட்டையைத் தந்தார். வேடிக்கைக்குத் தந்திருப்பார். நான் வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்று வாரம் ராகிக் கஞ்சியும் குழைத்த சாதமும். வேலைக்குத் திரும்பிய அன்றே பட்டையை இயந்திரத்தில் மாட்டினேன். ஒரு வாய் சோறு மெல்லும் விசையைத் தாண்டி வெகுதூரம் போனபின்தான் அது வளைந்தது. உடையவே இல்லை. என் கணக்கில் அது தேர்ச்சி. அந்த ஞாயிற்றுக்கிழமை, மனைவி ஸ்டெல்லா சமையலறையில் இருந்தபோது, மட்டன் துண்டு ஒன்றை எடுத்துக் கடித்தேன். நன்றாக இருந்தது. இன்னொன்றும் எடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை தாடை வீங்கியது. மருத்துவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார்.

"பிளேட்டுக்கு ஒண்ணும் ஆகலை. ஸ்குரூ பிடிச்சிருந்த எலும்புதான் விட்டுடுச்சு. முறிவு நகர்ந்திருக்கு. திரும்ப ஆபரேஷன் பண்ணணும்."

எலும்பை நான் எந்த இயந்திரத்திலும் மாட்டவில்லை. இத்தனை வருடம் சோதனை செய்கிறவனுக்கு இது தோன்றாமல் போனதில் எனக்கு இன்றும் வெட்கம்.

ஸ்டெல்லா எக்ஸ்ரேயை உறையில் போட்டுக்கொண்டு வாசல்வரை வந்தாள். பிறகு சொன்னாள்: "டாக்டர் சொன்னா கேக்க மாட்டீங்க. மெஷின் சொன்னா கேப்பீங்க."

இரண்டாம் முறை வெளியே வெட்டி, நான் முதலில் கேட்ட தடித்த பிளேட்டையே வைத்தார்கள். எலும்பு சேர்ந்துவிட்டது. ஆனால் முறிவு நகர்ந்ததில் கீழுதட்டுக்குப் போகும் நரம்பு நசுங்கி, உதட்டின் இடப்பக்கம் மரத்துவிட்டது. உணர்வு திரும்பலாம், எப்போது என்று கேட்டால் மருத்துவர் நாள் சொல்வதில்லை. நானும் கேட்பதை விட்டுவிட்டேன்.

தாடையில் பிளேட்டோடு இதைப் படிப்பவர் என்னைப்போல் கெட்டிக்காரராக இருந்தால், ஒரு வார்த்தை: சொன்ன வாரங்களைக் குறைக்காதீர்கள். உலோகம் முதல் நாளே தயார். எலும்புக்கு அவசரம் தெரியாது.

இப்போது எல்லாம் சாப்பிடுகிறேன், மெதுவாக. உதட்டின் இடப்பக்கம் பருக்கை ஒட்டியிருந்தால் எனக்குத் தெரியாது. எதிரே உட்கார்ந்திருக்கும் ஸ்டெல்லா பேச்சை நிறுத்தாமல் தன் உதட்டை விரலால் தொடுவாள். நான் துடைத்துக்கொள்வேன்.