ரகசியம் என்று எழுத யாருக்கு அதிகாரம்

தொண்ணூறுகளின் நடுவில் எனக்கு முதல் வேலை கிடைத்தது. திருவனந்தபுரத்தில், கடலோர வரைபடங்களைப் பாதுகாத்து வைக்கும் ஒரு சின்ன மத்திய அரசு அலுவலகம். நான் டைப்பிஸ்ட். வலியசாலையில் எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம்.

வரைபடங்கள் டெல்லியிலிருந்து அரக்கு வைத்த உறைகளில் வரும். அவற்றின் மேல் ‘ரகசியம்’ என்று அங்கேயே முத்திரை போட்டு அனுப்பியிருப்பார்கள். உறையைப் பிரிக்காமல் இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டுவது எங்கள் வேலை. உண்மையைச் சொன்னால், நாங்களாக உண்டாக்கிய ரகசியம் என்று அந்த அலுவலகத்தில் ஒன்றும் இருக்க வழியில்லை.

ஆனால் எங்கள் சூப்பிரண்டிடம் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் இருந்தது. ‘கான்ஃபிடென்ஷியல்’ என்று பெரிய எழுத்தில், சிவப்பு மையில் விழும். சூப்பிரண்டு ஒல்லியான மனிதர். ஓய்வு பெற மூன்று வருடம் இருந்தது. இளமையில் திருநெல்வேலியில் வேலை பார்த்தவர் என்பதால் என்னிடம் தமிழில்தான் பேச ஆரம்பிப்பார். பாதி வாக்கியத்தில் அது மலையாளமாகிவிடும்.

சேர்ந்த முதல் வாரமே என்னைக் கூப்பிட்டு ஸ்டாம்பைக் காட்டினார். “இது கண்டோ குட்டி? இந்த சீல் விழுந்தா பின்னே அது வேற பேப்பர். ஆரும் தொடமாட்டான். மனசிலாச்சா?”

மனசிலாயிற்று. அன்று முதல் அவர் தலையசைப்பார், நான் குத்துவேன். மூடியைத் திறந்து, மைப்பெட்டியில் இரண்டு தட்டுத் தட்டி, காகிதத்தின் வலது மூலையில் அழுத்தி எடுக்கும்போது விரல்களில் ஒரு கர்வம் ஏறும். இப்போது ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. எனக்கு அந்த வேலை மிகவும் பிடித்திருந்தது.

எதற்கெல்லாம் குத்தினோம் என்று கேட்கக் கூடாது. கார்பன் தாள் வேண்டும் என்ற கடிதத்துக்குக் குத்தினோம். பின்பக்கத்து மாமரத்தில் காக்கைத் தொல்லை என்று மாநகராட்சிக்கு எழுதியதற்குக் குத்தினோம். பொன்முடிக்கு எல்லோரும் சேர்ந்து சுற்றுலா போவதாக முடிவானபோது, வேனில் கொச்சி மேலதிகாரியும் வருகிறார் என்ற ஒரே காரணத்தால் அந்தச் சுற்றறிக்கையும் கான்ஃபிடென்ஷியல் ஆயிற்று. மூடிய உறையில் மேசை மேசையாகப் போக வேண்டும், படித்தவர் மறுபடி ஒட்டி அடுத்தவரிடம் தர வேண்டும் என்பது ஏற்பாடு. உறை நான்காவது மேசையில் ஒருவரின் இழுப்பறைக்குள் போய் அங்கேயே தங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வேன் வந்து நின்றபோது ஏறுவதற்கு ஆறு பேர்தான் இருந்தோம். கட்டிக்கொண்டுபோன புளியோதரையைத் திரும்பி வரும் வழியெல்லாம் தின்றோம்.

வீட்டிலும் இந்த ஸ்டாம்பின் மகிமை பரவியிருந்தது. “என்னடீ டைப் பண்றே ஆபீஸ்லே?” என்று அம்மா கேட்டால், “சொல்லப்படாதும்மா” என்பேன். அன்றைக்குக் காக்கை கடிதம்தான் அடித்திருப்பேன். அம்மா அடுத்த வீட்டு மாமியிடம், “அவ கையாலே தொடற காயிதம் எல்லாம் சீக்ரெட்டாம். எங்கள்ட்டயே மூச்சு விடமாட்டா” என்று பெருமையாகச் சொல்லிவைத்தாள். என்னைப் பெண் பார்க்க வந்த ஒரு குடும்பம் அதற்காகவே பின்வாங்கியது என்று பிற்பாடு தெரிந்தது. வாயைத் திறக்காத பெண் வேண்டாம் என்றார்களாம். எனக்கு அதில் வருத்தமில்லை.

இதெல்லாம் விளையாட்டாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பெருக்குகிற அக்காவின் விஷயம் வரும்வரை.

அக்கா போனக்காட்டுத் தேயிலை எஸ்டேட்டில் பிறந்தவள். அவள் தாத்தா காலத்தில் தென்காசிப் பக்கத்திலிருந்து தேயிலை பறிக்க மலையேறிய குடும்பம். கல்யாணம் ஆகி நகரத்துக்கு வந்தவள், எங்கள் அலுவலகத்தில் பகுதிநேரமாகப் பெருக்கித் துடைத்தாள். அலுவலகத்தில் என்னோடு கலப்பில்லாத தமிழ் பேச அவள் ஒருத்திதான் இருந்தாள். காலையில் எனக்கு முன்னால் வந்திருப்பாள். “கால தூக்கு பிள்ள” என்று சொல்லிக்கொண்டே நான் தூக்குவதற்குள் விளக்குமாறு என் நாற்காலிக்கு அடியில் போய் வந்துவிடும்.

அந்த வருடம் பகுதிநேரக்காரர்களில் ஒருவரை நிரந்தரமாக்கலாம் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. யார் முதலில் சேர்ந்தாரோ அவருக்குத்தான் வேலை. அக்கா, இன்னொரு பெருக்குகிற பெண், தோட்டக்காரர் என்று மூன்று பேர் இருந்தார்கள். மூன்று பேரின் பணிமூப்புப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் போட வேண்டும், முப்பது நாளுக்குள் ஆட்சேபணை இருந்தால் எழுதித் தரலாம் என்பது விதி.

சூப்பிரண்டு கையால் எழுதிய பட்டியலை நான் டைப் செய்தேன். பக்கத்தில் பழைய வருகைப் பதிவேடும் திறந்திருந்தது. பதிவேட்டின்படி மூவரில் முதலில் சேர்ந்தவள் அக்கா. சூப்பிரண்டின் பட்டியலில் அவள் சேர்ந்த வருடம் இரண்டு வருடம் தள்ளி இருந்தது. அதனால் மூன்றாவது இடத்துக்குப் போயிருந்தாள். வேண்டுமென்று செய்ததல்ல. ஏதோ ஒரு வரியை விட்டு அடுத்த வரியைப் பார்த்து எழுதியிருக்கிறார்.

“சார், இதிலே ஒரு வருஷம் தப்பா இருக்கு” என்றேன்.

அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “டைப்பிஸ்ட் டைப் செய்தா மதி, அது போதும். இது கான்ஃபிடென்ஷியல் காரியமாணு. கண்டதைப் பத்திப் பேசக் கூடாது, கேட்டோ?”

நான் வாயை மூடிக்கொண்டேன். அதோடு நிற்கவில்லை. அவர் தலையசைத்தார், நான் ஸ்டாம்பை எடுத்து வலது மூலையில் குத்தினேன்.

இப்போது ஒரு சிக்கல். விதிப்படி பட்டியலைப் பலகையில் போட வேண்டும். முத்திரைப்படி யாருக்கும் காட்டக் கூடாது. சூப்பிரண்டு அரை நாள் யோசித்து இரண்டுக்கும் பங்கம் வராமல் ஒரு வழி கண்டுபிடித்தார். பட்டியலை ஒரு பழுப்பு உறைக்குள் போட்டு ஒட்டி, உறையின் மேல் ‘பணிமூப்புப் பட்டியல், கான்ஃபிடென்ஷியல்’ என்று எழுதி, அந்த உறையைப் பலகையில் நான்கு குண்டூசி குத்தி மாட்டச் சொன்னார். மாட்டியதும் நான்தான்.

மறுநாள் காலை அக்கா பலகைக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். “பிள்ள, இந்தக் கவருக்குள்ள எங்க விசயந்தான இருக்காம்? எம்பேரு எத்தனாவது?”

“தெரியாதுக்கா.”

“நீதான அடிச்ச?”

“சொல்லக் கூடாதுக்கா.”

அவள் கண்ணாடியை இன்னொரு தடவை துடைத்தாள். காக்கை கடிதத்துக்கு ‘சொல்லக் கூடாது’ என்றபோது இருந்த ருசி அன்று அந்த வார்த்தையில் இல்லை.

சூப்பிரண்டோடு சண்டை போடும் தைரியம் எனக்குக் கிடையாது. ஆனால் முத்திரை குத்திய ஒவ்வொரு காகிதத்தையும் பதிய ஒரு நோட்டு இருந்தது. அதை எழுதுவதும் என் வேலை. அதன் கடைசிக் கட்டத்தின் தலைப்பு, ‘ரகசியமாக்க அதிகாரம் அளித்த உத்தரவு எண்’. அந்தக் கட்டத்தில் எனக்கு முன்னால் இருந்தவர்கள் ‘மேற்படி’ என்ற குறியைப் போட்டிருந்தார்கள். நானும் போட்டுவந்தேன். பட்டியலைப் பதியப் போன அன்று, அந்த மேற்படி எதற்கு மேற்படி என்று முதல் தடவையாகத் தோன்றியது. பக்கம் பக்கமாகப் பின்னால் புரட்டினேன். எல்லாம் மேற்படி. பல வருடத்து மேற்படிகளைத் தாண்டி முதல் பக்கத்தின் முதல் வரிக்கு வந்தேன். அங்கும் மேற்படி. அதற்கு மேல் அச்சடித்த தலைப்புதான் இருந்தது.

அதே வாரம் எங்களுக்குப் புதிதாக ஒரு அதிகாரி வந்தார். அதற்கு முன்னால் நெடுநாள் அந்த நாற்காலி காலி. கொச்சி மேலதிகாரிதான் மாதம் ஒரு தடவை வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். புதியவர் ஹைதராபாத்காரர், நாற்பது வயதுப் பெண்மணி. எல்லாவற்றையும் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்திடுவார். சூப்பிரண்டு என்னிடம் அந்த நோட்டைக் கொடுத்து, “மேடத்தின்டெ ஒப்பு வாங்கிட்டு வா” என்று அனுப்பினார்.

கொண்டுபோய் வைத்தேன். பட்டியலைப் பதிந்த வரியில் கடைசிக் கட்டத்தை மட்டும் வெறுமையாக விட்டிருந்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய கலகம் அதுதான். மேடம் ஆங்கிலத்தில் கேட்டார், நானும் தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் பதில் சொன்னேன்.

“இங்கே ஏன் காலி?”

“என்ன எழுதுவது என்று தெரியவில்லை, மேடம்.”

“மேலே என்ன எழுதியிருக்கிறீர்கள்?”

“மேற்படி, மேடம்.”

“அதற்கு மேலே?”

“மேற்படி, மேடம்.”

அவர் புரட்டிக்கொண்டே போனார். முதல் பக்கம் வந்ததும் நோட்டைத் திருப்பி அட்டையைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். அலமாரியிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்துவரச் சொல்லி, அந்தப் பகுதியை என்னையே உரக்கப் படிக்க வைத்தார். ஒரு காகிதம் ரகசியமா இல்லையா என்று யார் வேண்டுமானாலும் சொல்லிவிட முடியாதாம். குறிப்பிட்ட பதவிக்குக் குறையாத அதிகாரியாக இருக்க வேண்டும். அந்த அதிகாரம் அவருக்கு எழுத்தில் தரப்பட்டிருக்க வேண்டும். வெளியே தெரிந்தால் என்ன கேடு என்று யோசிக்காமல் முத்திரை போடவும் கூடாது. காக்கைகளை நினைத்துக்கொண்டு படித்து முடித்தேன்.

சூப்பிரண்டைக் கூப்பிட்டார். “இந்த முத்திரையைப் போட உங்களுக்கு உத்தரவு இருக்கிறதா?”

“உண்டு மேடம்” என்றார் அவர், சற்றும் தயங்காமல். சட்டைப்பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு போய், தன் மேசையின் பூட்டிய இழுப்பறையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் பத்திரப்படுத்திய ஒரு காகிதத்தோடு வந்தார். நின்றுகொண்டே அவரே வாசித்தார். முத்திரை சூப்பிரண்டின் பாதுகாப்பில் இருக்கும் என்ற வரி வந்தபோது நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். அடுத்த வரி, அதிகாரம் பெற்ற அலுவலகத் தலைவர் எழுத்தில் ஆணையிட்டால் மட்டுமே அதை இட வேண்டும் என்றிருந்தது. அதை அவர் முழுவதும் படிக்கவில்லை. மீதியை மேடம் எட்டிப் பார்த்துப் படித்தார்.

மேடம் மெதுவாகச் சொன்னார். “வைத்திருக்கத்தான் சொல்லியிருக்கிறார்கள். போடச் சொல்லவில்லை.”

“நான் இத்தரயும் காலம்…” என்று தொடங்கி, காகிதத்தை மடித்தார், மறுபடி பிரித்தார். அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

கதை அதோடு முடியவில்லை. மேடம் தனக்காவது அந்த அதிகாரம் இருக்கிறதா என்று தலைமை அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கேட்டார். பதவிக்கு உண்டு, ஆனால் அவர் பெயரில் கடிதம் இன்னும் வரவில்லை என்றார்கள். கடிதம் வர இரண்டு வாரம் ஆயிற்று. அந்த இரண்டு வாரமும் எங்கள் அலுவலகத்தில் எதையும் ரகசியமாக்கத் தகுதியுள்ள ஒரு ஜீவனும் இல்லை. அலுவலகம் அதுபாட்டுக்கு நடந்தது. கடற்கரைக்கும் ஒன்றும் ஆகவில்லை.

பழைய காகிதங்களின் முத்திரைகளை அடித்து நீக்கும் வேலை எனக்கும் சூப்பிரண்டுக்கும். ஒவ்வொரு சிவப்பு எழுத்தின் குறுக்கேயும் கோடு போட்டு, மேடத்தின் சுருக்கொப்பம் வாங்க வேண்டும். மூன்றாம் நாள் சூப்பிரண்டு கோடு போட்டுக்கொண்டே தானாகப் பேசினார். “சர்வீஸில் கேறின காலத்து என்டெ மேசையிலிருந்து ஒரு லெட்டர் வெளியே போச்சு. நான் கொடுத்ததல்ல. எல்லாரும் சேர்ந்து என்னைத்தான் கள்ளன்னு சொன்னா. அப்புறம் எனக்கு எதைக் கண்டாலும் பூட்டணும்னு தோணும் குட்டி.” நான் அடுத்த காகிதக் கட்டை அவர் பக்கம் நகர்த்தினேன். பொன்முடிச் சுற்றறிக்கை வந்தபோது இருவருமே சிரித்தோம்.

பட்டியலை மேடம் உறையிலிருந்து எடுத்துப் பலகையில் வெளிப்படையாகப் போட்டார். முப்பது நாள் கெடு புதிதாக ஆரம்பித்தது. நானே அக்காவைக் கூட்டிப்போய் மூன்று வரியையும் படித்துக் காட்டினேன். அவள் சொல்லச் சொல்ல ஆட்சேபணையை எழுதினேன். வருகைப் பதிவேட்டை எடுத்து வைத்தவர் சூப்பிரண்டு. “தப்பு என்டெதாணு” என்று மேடத்திடம் அவரே சொன்னார். ஆண்டு திருத்தப்பட்டது. இரண்டு மாதத்தில் அக்காவுக்கு நிரந்தர உத்தரவு வந்தது.

உத்தரவு வந்த அன்று எல்லோருக்கும் நேந்திரம்பழத்தில் போட்ட பழப்பொரி வாங்கி வந்தாள். என் மேசைக்கு வந்தபோது தட்டை நீட்டாமல் நின்றாள்.

“பிள்ள, ஒன்னு கேக்கேன். அன்னைக்கு அடிக்கும்போதே ஒனக்குத் தெரியுமா, வருசம் தப்புன்னு?”

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். “தெரியும்க்கா” என்றேன்.

“தெரிஞ்சா கவர ஒட்டுன?”

“ஆமா.”

தட்டை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. என் மேசையைச் சுற்றி மட்டும் பெருக்கிவிட்டு, நாற்காலிக்கு அடியில் இருந்த தூசியை அப்படியே விட்டுப் போனாள். மூன்றாம் நாள் காலை விளக்குமாற்றோடு வந்து நின்றவளிடம் நானே காலைத் தூக்கிக்கொண்டு, “அக்கா, தப்புதான்” என்றேன்.

“தப்புதான்” என்றாள் அவளும். பிறகு குனிந்து அடியில் நன்றாகக் கூட்டினாள். இரண்டு நாள் தூசி நிறையவே வந்தது.