நான் அணைத்திருக்கக் கூடாத நெருப்பு

நெருப்பைக் கண்டால் அணைக்காமல் இருக்க என்னால் முடியாது. கல்யாண வீட்டில் ஹோமம் வளர்த்தால்கூட எனக்குக் கை பரபரக்கும் என்று என் மனைவி சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். தீயணைப்பு நிலையத்தில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்ததில் ஒட்டிக்கொண்ட வியாதி அது. ஒரு பங்குனி மதியம் அந்த வியாதி ஒரு காட்டையே காவு வாங்கப் பார்த்தது.

எனக்குப் பழக்கமெல்லாம் ஊர் நெருப்புதான். கப்பலூர்ப் பக்கம் பஞ்சு குடோன், அவனியாபுரத்தில் கேஸ் சிலிண்டர், கண்மாய்க்கரையில் வைக்கோல் படப்பு. வண்டி போகும், ஹோஸை விரிப்போம், தண்ணீரைப் பீய்ச்சுவோம், கூட்டம் செல்போனில் படம் பிடிக்கும். அன்றைக்கு வந்த அழைப்பு வேறு மாதிரி. சமயநல்லூரைத் தாண்டி, காப்புக்காட்டு மலையடிவாரத்தில் புல் பற்றிக்கொண்டு மேலே ஏறுகிறது என்றார்கள்.

எங்கள் டிரைவர் வில்லாபுரத்துக்காரன், என்னைவிடப் பத்து வயது இளையவன், மாப்ள என்றுதான் கூப்பிடுவேன். வண்டியில் ஒரு கீறல் விழுந்தாலும் அவனுக்குச் சோறு இறங்காது. முள்ளில் படாமல் வண்டியை நிறுத்திவிட்டு மலையை அண்ணாந்து பார்த்தான்.

"அண்ணே, டேங்க் நெறையத் தண்ணி இருக்கு. மலை நம்மகிட்ட எறங்கி வந்தாத்தான் உண்டு."

இருந்த ஹோஸையெல்லாம் இணைத்துப் பார்த்தோம். முதல் பாறையோடு நின்றுவிட்டது. அந்தப் பாறையில் எங்களுக்காகக் காத்திருந்தவர் ஒரு வனக்காவலர். என் மகள் வயதுதான் இருக்கும், ஆனால் காக்கிக்கு வயது கிடையாது, மேடம் என்றுதான் கூப்பிட்டேன். முகமெல்லாம் கரி. என் ஹெல்மெட்டையும் பூட்ஸையும் மேலும் கீழும் பார்த்தார்.

"அதெல்லாம் இருக்கட்டும் சார். பச்சைக் குழை ஒடிச்சுட்டு வாங்க. இங்க அடிச்சுத்தான் அணைக்கணும்."

பக்கத்து மரத்தில் கை வைத்தேன்.

"காப்புக்காட்டு மரத்தைத் தொடாதீங்க!"

"காடே எரியுது மேடம்."

"எரிச்சவன் மேலயும் கேஸ் போடுவோம், ஒடிச்சவன் மேலயும் கேஸ் போடுவோம்."

வேறு வழி? ரோட்டோர வேப்பமரத்துக்கு இறங்கிப் போய்க் குழை ஒடித்து, தோளில் போட்டுக்கொண்டு ஏறினேன். அம்மன் கோயிலுக்கு வேண்டிக்கொண்டவன் மாதிரிதான் இருந்தேன்.

மலையின் நடுவயிற்றில் குறுக்காக ஒரு பாதை அகலத்துக்குப் புல்லைச் செதுக்கி வைத்திருந்தார்கள். கீழேயிருந்து வரும் தீ மேலே தாண்டாமலிருக்க வனத்துறை வருடாவருடம் போடும் தீத்தடுப்புக் கோடு. கோட்டுக்கு மேலே மரங்கள் அடர்ந்த ஒரு பள்ளம். அந்தப் பெண் அதைக் காட்டினார்.

"அதுக்குள்ள தேவாங்கு இருக்கு சார். மயிலு பறந்துரும், முயலு ஓடிரும். தேவாங்குக்கு ஓடவே தெரியாது." மூன்று வருடமாக அவற்றை மரம் மரமாகத் தேடிப் பார்த்து வருபவர்.

ஒல்லியாக இருந்து முழித்தால் தேவாங்கு என்று திட்டுவார்கள். பள்ளிக்கூடத்தில் நானும் நிறைய வாங்கியிருக்கிறேன். ஆனால் நிஜத் தேவாங்கை அதுவரை பார்த்ததில்லை.

குடிக்கத் தண்ணீர் தீர்ந்திருந்தது. கேன் எடுத்துவர நான் கீழே இறங்கினேன். திரும்பி ஏறி வந்தால், கோட்டின் ஓரத்திலேயே, பள்ளத்துக்கு நேர் எதிரே, நெருப்பு! பெருந்தீ இன்னும் வெகு கீழே இருக்கிறது, இது எப்படியோ பொறி பறந்து முந்தி வந்துவிட்டது என்று நினைத்தேன். பக்கத்தில் ஒருவரும் இல்லை. விடுவேனா? குழையால் சாத்து சாத்தென்று சாத்தினேன். போதாததற்குக் குடிதண்ணீர்க் கேனையும் கவிழ்த்தேன். பத்தே நிமிடத்தில் முப்பதடி நீளத்துக்கு ஒரு கங்கு மிச்சமில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றேன்.

அந்தப் பெண் கோட்டின் மறுமுனையிலிருந்து ஓடி வந்தார்.

"யார் சார் இதை அணைச்சது?"

"நான்தான்," என்றேன், மெடலுக்கு நெஞ்சைக் காட்டுகிறவன் போல.

"அது நான் வச்ச நெருப்பு!"

பெருந்தீ வந்து சேருவதற்குள் கோட்டுக்குக் கீழே உள்ள புல்லை நாமே எரித்துவிட்டால், அது வரும்போது தின்ன ஒன்றுமிருக்காது, படுத்துவிடும். காற்று வலுத்ததால் கோடு மட்டும் தாங்காது என்று, நான் கீழே போயிருந்த நேரத்தில் வரிசையாக எதிர்த்தீ வைத்துக்கொண்டே போயிருக்கிறார். அதில் தேவாங்குப் பள்ளத்துக்கு எதிரே இருந்த துண்டை மட்டும் நான் பத்திரமாக அணைத்திருக்கிறேன்.

அவர் திட்டவில்லை. தீப்பெட்டியை என் கையில் திணித்தார்.

"நீங்களே வைங்க. அந்த முனையில காத்து திரும்புது, நான் போகணும்."

பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய், பிள்ளைகளிடம் தீக்குச்சியோடு விளையாடாதீர்கள் என்று சொல்கிறவன் நான். முதல் குச்சி ஒடிந்தது. இரண்டாவது அணைந்தது. கீழே தீயின் இரைச்சல் நெருங்கியது. சத்தம் கேட்டு, வண்டியைக்கூட மறந்து, டிரைவர் மூச்சு வாங்க ஏறி வந்துவிட்டான்.

"அண்ணே, வீட்ல அடுப்புப் பத்த வைக்கிறதா நெனச்சுக்கங்க."

"வீட்ல லைட்டர்டா மாப்ள!"

மூன்றாவது குச்சி பிடித்தது. தண்ணீர் ஊற்றாத இடமாகப் பார்த்துப் புல்லில் வைத்தேன். பற்றியது. அது மெதுவாகக் கீழ்நோக்கி இறங்க இறங்க, வாழ்க்கையில் முதல் தடவையாக, நெருப்பே, இன்னும் கொஞ்சம் வேகமாக எரி என்று வேண்டிக்கொண்டேன். உண்மையில் பயந்து செத்தேன். பெருந்தீ ஏறி வந்து அதோடு மோதியது. பனை உயரத்துக்கு எழும்பி நின்றது. பிறகு தின்ன ஒன்றும் கிடைக்காமல் அங்கேயே படுத்துவிட்டது. கோட்டைத் தாண்டி விழுந்த பொறிகளை நானும் மாப்ளையும் குழையால் அடித்தே தீர்த்தோம். கை இரண்டும் கழன்றுவிட்டன.

புகை கலைந்ததும் அந்தப் பெண் பள்ளத்துக்குள் இறங்கினார். பின்னாலேயே போனோம். ஒவ்வொரு மரமாக அண்ணாந்து பார்த்துக்கொண்டே போனவர் ஒரு உசிலை மரத்தடியில் நின்று விரலை நீட்டினார். கிளைக்கவட்டில் பழுப்பாக ஒரு பந்து. வயிற்றோடு ஒட்டிக்கொண்டு இன்னொரு சின்னப் பந்து. பெரியது கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது.

"அண்ணே, ரெண்டு பேரும் ஒரே மாதிரி முழிக்கிறீங்க," என்றான் மாப்ள.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மன்னிச்சுக்க என்று அதனிடம் வாய்விட்டே சொன்னேன். அது கண்ணை மூடிக்கொண்டது.

அந்தப் பெண் தீப்பெட்டியைக் கேட்டுக் கையை நீட்டினார். கொடுக்கப் பார்த்தேன், என் கை விரியவில்லை. நசுங்கிப் போன பெட்டியை இறுக்கிப் பிடித்தபடியே இருந்தது. அவர் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

"விடுங்க சார்," என்றார். "அணைஞ்சிருச்சு."