முதுகுக்குள் எவர்சில்வர்

எழுபதுகளின் தொடக்கத்தில், தூத்துக்குடித் துறைமுகத்தில் தோணிக்கு உப்பு ஏற்றும்போது பலகை வழுக்கி, மூட்டையோடு உள்ளே விழுந்தேன். முதுகெலும்பு முறிந்துவிட்டது. இடுப்புக்குக் கீழே கால்கள் கிடந்தன. அவை என்னுடையவை என்ற உணர்வே இல்லை.

ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டர் என் மனைவியிடம், "முறிஞ்ச இடம் அசையாம இருக்க உள்ள தகடு வச்சு முடுக்கணும்" என்றார்.

"என்ன தகடு டாக்டர்?"

"ஸ்டீல்தாம்மா. உங்க எவர்சில்வர் மாதிரி."

அந்த ஒரு வார்த்தை போதாதா? எங்கள் வீட்டில் பேர் வெட்டாத கரண்டிகூட அடுக்களைக்குள் நுழைந்ததில்லை.

"அப்ப அவுக பேரை வெட்டிரலாமா டாக்டர்? கடைத்தெருவுல நல்லா வெட்டுத அண்ணாச்சி இருக்காவ."

"எதுக்கும்மா?"

"கோயில் விருந்துக்குக் குடுத்த ஏனமே பேரில்லன்னா மாறிப் போவுது. ஆபரேசன் ரூம்ல மாறாதா?"

படுத்தபடியே நான் சொன்னேன்: "ஏளா, உன் பேரை வெட்டு. நான் தொலைஞ்சாலும் உங்கிட்டக் கொண்டாந்து சேத்துருவாவ."

அவள் என்னை முறைத்துவிட்டு, "சரி, பேரு வேண்டாம். ஒரு சின்னச் சிலுவையாவது" என்றாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. "கீறல் விழுந்தா உடம்புக்குள்ள தகடு அந்த இடத்துலதான் அரிச்சுப்போகும். பெறகு ஒடிஞ்சிரும். இன்னொண்ணு, அது எலும்பைத்தான் நிறுத்தும். நசுங்கின நரம்புக்கு ஒட்டுப்போட எங்ககிட்ட ஒண்ணும் இல்ல."

"அதை மாதாகிட்டச் சொல்லிக்கிடுதோம்" என்றாள் அவள்.

ஆபரேஷன் முடிந்த பிறகு தினமும் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து செபமாலை சொன்னாள். ஒரு மணியை உருட்டுவாள். என் கால் பெருவிரலை ஒரு கிள்ளு கிள்ளுவாள். அந்த வார்டில் எல்லாரும் வலி போகவேண்டும் என்று செபித்தார்கள். நாங்கள் மட்டும் வலி வரவேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

ஒரு சாயங்காலம் என் வாயில் தன்னால் வந்துவிட்டது: "ஏளா, நகத்தை வெட்டித் தொலை."

செபம் பாதியில் நின்றது. அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. ஆனால் கை சும்மா இருந்ததா? வலது பெருவிரலில் அதே இடத்தில் இன்னும் அழுத்தி ஒரு கிள்ளு.

"இன்னொருக்கா சொல்லுங்க."

இடதுகாலில் உணர்வு திரும்ப மேலும் கொஞ்ச காலம் பிடித்தது. அதுவரை, அவளுக்குச் சந்தேகம் வரும்போதெல்லாம், வலதுகாலுக்குத்தான் கிள்ளு விழுந்தது.