ஆயில்தானே, ஊத்து

என் வீட்டுக்காரர் சேக் தாவூதுக்குச் சர்க்கரை கிடையாது, பிரஷர் கிடையாது. இருப்பதெல்லாம் வயிற்றெரிச்சல்தான். அதற்குக் காரைக்குடியில் எந்தக் கடையிலும் மாத்திரை இல்லை. இருந்திருந்தால் போன வைகாசியில் நானே வாங்கிக் கொடுத்திருப்பேன்.

அவர் கார் மெக்கானிக். வீட்டுக்கு முன்னாலேயே ஒர்க்‌ஷாப். கல்யாணமான நாளிலிருந்து அவர் முகத்தைப் பார்த்ததைவிட, வண்டிக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் காலைப் பார்த்ததுதான் அதிகம். பேச்சு கொஞ்சம், சிரிப்பு அதைவிடக் கொஞ்சம், ரோசத்துக்கு மட்டும் அளவில்லை. தன் வாடிக்கை வண்டியை வேறொருவர் தொட்டுவிட்டால், வண்டிக்காரர் எதிரே வந்து வணக்கம் சொன்னாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அவர் கை பட்ட வண்டிகளில் அவருக்கு உசிரானது ஏகப்பன் செட்டியார் வீட்டு வெள்ளை அம்பாசிடர். செட்டியார் காலமான பிறகும் ஆச்சி அதை விற்கவில்லை. புது வண்டி வாசலில் நின்றாலும் பிள்ளையார்பட்டிக்குப் போக ஆச்சிக்கு அம்பாசிடர்தான் வேண்டும். அதை இவரைத் தவிர யாரும் தொட்டது கிடையாது. எனக்கு அது சக்களத்தி. ஒரு பெருநாளன்று பிரியாணி ஆறிக்கொண்டிருக்க, இவர் அதன் சக்கரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு நான் பேசிய பேச்சு தெருவுக்கே கேட்டது.

இப்படி இருக்கும்போதுதான் எதிர் வரிசையில் ஃபெலிக்ஸ் வந்து கடை போட்டான். மஸ்கட்டில் வேலை பார்த்தவன். வண்டியை ஆள் உயரத்துக்குத் தூக்கும் லிஃப்ட், ஒரு லேப்டாப், வாசலில் பெரிய வேம்பின் நிழல். இவர் நாள் முழுக்க அங்குட்டே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வண்டிக்கு வைத்தியம் பாக்குறானா, கம்ப்யூட்டர் கிளாஸ் நடத்துறானா?" என்பார்.

எனக்கும் எரிச்சல் இல்லாமலில்லை. அவன் வாசலில் வண்டிகள் சேர்ந்து நின்றால், எண்ணாதே மனமே என்று சொல்லிக்கொண்டே எண்ணுவேன்.

ஆச்சியின் பேத்திக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை அழைப்புக்கு அந்த அம்பாசிடர்தான் என்று ஆச்சி ஊரெல்லாம் சொல்லிவிட்டார். இவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். அந்தச் சமயத்தில் ஒரு வெள்ளிக்கிழமை நான் திருப்பத்தூரில் என் கூடப்பிறந்த ராத்தா வீட்டுக்குப் போய்விட்டுச் சாயங்காலம் வந்து பார்த்தால், மனுசர் மத்தியானச் சோற்றைத் தொடவே இல்லை.

"ஜும்மா தொழுதுட்டு வாரேன், ஷரபு. அவன் கடை வாசல்ல அம்பாசிடர் நிக்கிது. ஆச்சி உள்ள இருக்காக. அவன் பானட்டுல கைய வச்சிக்கிட்டுச் சிரிச்சுப் பேசுறான். என் வண்டி மேல."

"அது ஆச்சி வண்டிங்க," என்றேன். அதற்கும் முறைத்தார்.

கொஞ்ச நேரத்தில் ஃபெலிக்ஸே ஓர் எவர்சில்வர் சம்படத்தோடு வந்தான். "பாய், இது உங்களுக்கு..." என்று தொடங்குவதற்குள், "வேணாம் தம்பி. எடுத்துட்டுப் போ," என்றார் இவர். பெரிய வீட்டு வாடிக்கையைப் பிடித்த சந்தோசத்தில் இனிப்பு நீட்டுகிறான் என்று நினைத்து நானும் சும்மா இருந்தேன். அவன் ஒன்றும் புரியாமல் திரும்பிப் போனான்.

மறுநாள் ஆச்சியின் டிரைவர் சேதுபதி போன் செய்தான். வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகாதவன்.

"பாய், பிரேக் மிதிச்சா கீழ போகுது. தொறந்து பாத்தேன், ஆயில் கொறஞ்சிருக்கு. என்ன செய்ய?"

இப்படிக் கேட்டால் இவர் பாடமே நடத்துவார். "பிரேக் ஆயில்னு பேர் சொல்லிக் கேட்டு வாங்கு. எஞ்சின் ஆயில் இல்ல, வெளக்கெண்ணெய் இல்ல, பிரேக் ஆயில்." பேர்தான் ஆயில், அது எண்ணெய் வகையே இல்லை, நிஜமான எண்ணெய் பட்டால் பிரேக்குக்குள் இருக்கும் ரப்பரெல்லாம் ஊதிக்கொள்ளும் என்பது கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம். அன்றைக்கு மட்டும், "ஆயில்தானே, ஊத்து. முடியாட்டி எதிர்க்கடைக்குக் கொண்டு போ," என்று வெடுக்கென்று சொல்லிப் போனை வைத்தார்.

சில நாளில் வண்டி இழுக்க மறுத்தது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் சத்தம் வருகிறது, வேகம் வரவில்லை, கிளட்ச் கருகும் வாடை வேறு. சேதுபதி ஃபெலிக்ஸிடம் போய் "கியர்ல கோளாறு" என்றான். அவனும் அதை நம்பி கியர்பாக்ஸையே இறக்கி, கிளட்ச் பிளேட்டை மாற்றிப் பூட்டினான். கியர்பாக்ஸ் தரையில் கிடந்த அன்று இவர் மறுசோறு வாங்கிச் சாப்பிட்டார்.

கல்யாணம் நெருங்கிவிட்டது. ஒரு நாள் ஆச்சியை ஏற்றிக்கொண்டு வந்த அம்பாசிடர் எங்கள் வாசலுக்கு நேராக நின்றுபோனது. அதற்கு மேல் நகரவில்லை. இவர் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை.

"அவனையே கூப்பிடச் சொல்லு."

"ஆச்சி வெயில்ல உக்காந்திருக்காக. இப்ப எந்திரிச்சுப் போறீகளா, நான் போகவா?" என்றேன்.

போனார். முன் சக்கரத்தின் பக்கம் கையைக் கொண்டுபோனவர் சுரீரென்று எடுத்துக்கொண்டார். "கியருமில்ல, கிளட்சுமில்ல. பிரேக்கு புடிச்சுக்கிட்டு விடமாட்டேங்குது," என்றார். சக்கரத்தின் பின்னால் இருக்கும் நிப்பிளை ஸ்பேனரால் லேசாகத் திருப்பியதும் ஆயில் சர்ரென்று பீய்ச்சியது. பிடி விட்டு வண்டி முன்னால் அசைந்தது. பெருநாள் பிறையைப் பார்த்தவர் மாதிரி இவர் முகம் மலர்ந்தது. அதற்குள் ஃபெலிக்ஸும் ஓடிவந்தான். அவன் காதில் விழட்டும் என்றே இவர் குரலை உயர்த்தினார். விரலில் பட்டதைத் தேய்த்து மோந்து பார்த்தார்.

"எஞ்சின் ஆயில். ரப்பரெல்லாம் ஊதிக் கெடக்கு. எந்த மடையன் இத ஊத்தச் சொன்னது?"

சேதுபதி தலையைச் சொறிந்தான். "நீங்கதான் பாய். ஆயில்தானே, ஊத்துன்னீக. டிக்கியில இருந்தத ஊத்துனேன்."

இவர் ஸ்பேனரைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"எப்பவும் படிச்சுப் படிச்சுச் சொல்வீகளே பாய், அன்னைக்கு என்ன வந்துச்சு?" என்றார் ஆச்சி. "அதுக்கு மொத நாள்தான ஒங்களக் கல்யாணத்துக்கு அழைக்க வந்தேன். கடை பூட்டிக் கெடந்துச்சு. வெயில் தாங்காம இந்தத் தம்பி கடை நெழல்ல நிறுத்தச் சொன்னேன். பலகாரத்தையும் இவருகிட்டயே குடுத்து, தாவூது பாய்கிட்ட சேத்துருங்கன்னேன். வந்து சேந்துச்சா?"

"அன்னைக்கே கொண்டாந்தேன் ஆச்சி. பாய்தான் வேணாம்னாக," என்றான் ஃபெலிக்ஸ்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்? வெட்கத்தில் எனக்கே முகம் சுட்டது. இவர் ஆச்சியை நிமிர்ந்து பார்க்காமல், "தப்பு என்னுது ஆச்சி. மாப்பிள்ளை இந்த வண்டியிலதான் வருவாரு," என்றார். தப்பு என்னுது என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. என்னிடம் ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம்.

வண்டியை ஃபெலிக்ஸின் லிஃப்டில் ஏற்றினார்கள். பெடலுக்குப் பக்கத்திலிருந்து நாலு சக்கரம் வரைக்கும் ரப்பர், ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றி, பைப்பைக் கழுவி, பிரேக் ஆயில் ஊற்றினார்கள். உள்ளே தங்கிய காற்றை எடுப்பதற்கு மட்டும் தனி ஆள் போதாது. ஒருவர் பெடலை மிதிக்க, இன்னொருவர் நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். ஃபெலிக்ஸ் மிதித்தான். இவர் கீழே, "மிதி, புடி, விடு," என்று அதட்டிக்கொண்டிருந்தார். நின்றுகொண்டே வேலை பார்த்ததில் முதுகு வலிக்கவில்லை என்பதை மட்டும் வாய் திறந்து சொல்லவில்லை. பிறகு இரண்டு பேருமாகப் பிள்ளையார்பட்டி வரை ஓட்டிப் பார்த்தார்கள். மிதித்ததும் பிடித்தது, விட்டதும் விட்டது.

வந்ததும் ஃபெலிக்ஸ் அலமாரியிலிருந்து அந்தச் சம்படத்தை எடுத்துக் கொடுத்தான். திறக்காமலே வைத்திருக்கிறான். உள்ளே மணகோலமும் சீப்புச் சீடையும், எல்லாம் நமத்துப்போய்.

"இது வேணாம் பாய். ஆச்சிகிட்டச் சொன்னா வேற தருவாக," என்றான்.

இவர் கேட்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றார். ஃபெலிக்ஸும் ஒரு சீடைக்குக் கையை நீட்டினான். இவர் சம்படத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இது ஆச்சி எனக்குக் குடுத்தது," என்றார்.