அக்கி நோவில் சேராது

திருப்பதியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நான் செத்தவர்களைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். இப்படிச் சொன்னால் அம்மாவுக்குப் பிடிக்காது. சொந்தக்காரர்களிடம் "கிருமியைப் பத்திப் படிக்கிறா" என்பாள். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமி. பெரும்பாலும் தொண்டை வலியோடு போய்விடும். சிலருக்கு ஒரு சின்னக் காயம் வழியாக இறங்கி, சதையை அழுகவைத்து, ரத்தத்தில் கலந்து ஆளையே கொண்டுபோய்விடும். யார் பிழைக்கிறார்கள், யார் சாகிறார்கள், ஏன் என்பதே என் கேள்வி.

சர்க்கரை, வயது, கிட்னி, வரும்போதே இறங்கிப்போன பிரஷர் என்று எதிர்பார்த்த காரணங்களெல்லாம் வந்தன. ஒன்று மட்டும் இடித்தது. 'நேற்றுதான் ஆரம்பித்தது' என்று ஓடிவந்தவர்கள்தான் அதிகம் செத்திருந்தார்கள். சீக்கிரம் வந்தால் சாவு, ஆற அமர வந்தால் பிழைப்பு என்று எந்த முகத்தோடு எழுதுவது? எனக்கு எரிச்சலாக வந்தது.

அப்போதுதான் புத்தூர் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி தன் மனைவியைக் கொண்டுவந்தார். நாற்பதைத் தாண்டாத பெண். வயலில் முள் குத்திய கால். பாதத்திலிருந்து முட்டிவரை காவி. அதில் ஒரு சிங்கம் வேறு வரைந்திருந்தது. தோல் சிவந்து எரிந்தால் அக்கி என்று சொல்லி, குயவர் வீட்டுக்குப் போய்க் காவியைக் குழைத்து எழுதிக்கொள்வது எங்கள் வேலூர் பக்கத்திலும் உண்டு.

எப்போதிலிருந்து என்று தெலுங்கில் கேட்டேன். என் தெலுங்கின் லட்சணத்தைக் கேட்டுவிட்டு அவர் தமிழிலேயே பதில் சொன்னார்.

"நேத்துலர்ந்துதான் டாக்டரம்மா. ஜொரம் வந்து பெனாத்திக்கினு கெடந்தா. ஒடனே ஆட்டோ வச்சி இட்டுக்கினு வந்துட்டேன்."

ஈரப் பஞ்சால் காவியைத் துடைத்தேன். "ஐயோ, தொடைக்காதம்மா!" என்று குறுக்கே வந்தார். நர்ஸ் அவரை விலக்கினாள். காவிக்கு அடியில் தோல் கறுத்துக் கொப்புளம் கட்டியிருந்தது. ஒரே நாளில் நடக்கிற காரியமில்லை.

"இத எப்ப எழுதினீங்க?"

"அது போன வாரமே எழுதியாச்சி. மூணு தபா எழுதணும் இல்ல?"

"அப்ப நேத்துன்னு சொன்னீங்களே?"

"நோவு நேத்துதாம்மா வந்துச்சி," என்றார், குழந்தைக்குச் சொல்வதுபோல. "அது அக்கி."

'நேற்றுதான்' என்று ஓடிவந்த யாரும் பொய் சொல்லவில்லை. நோவு என்றைக்கு வந்தது என்று கேட்டோம். அக்கி என்றைக்கு வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

சதையை வெட்டி எடுத்தார்கள். ஆனால் விஷம் அதற்குள் தொடையைத் தாண்டிவிட்டது. தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன. மறுநாள் மத்தியானம் அவள் இறந்துபோனாள்.

அதற்குள் என் பேராசிரியரிடம் அக்கியைப் பற்றிச் சொல்லியிருந்தேன். கணக்கில் இருந்த முடிச்சு அவிழ்ந்ததில் அவருக்கு ஏக சந்தோஷம். எனக்கும் உள்ளூர ஒரு சந்தோஷம் இருந்தது; அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

உடலை வாங்கிப் போவதற்கு முன் அந்த மனிதர் என்னைத் தேடி வார்டுக்கு வந்தார்.

"ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காதம்மா. அக்கி எழுதினா தானா உதுர்ற வரைக்கும் தண்ணி படக் கூடாதும்பாங்க. நீ தொடச்சிட்ட. அதாலதான் செத்துட்டாளா?"

இல்லை என்று சொன்னால், வேறு எதனால் என்று கேட்பார். அதற்கான பதிலைத்தான் நான் கண்டுபிடித்திருந்தேன். அவர் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"தெரியலைங்க," என்றேன்.

"பரவால்ல, நீ தெரியாமதான செஞ்ச," என்று என்னை மன்னித்துவிட்டு, அவள் படுத்திருந்த கட்டிலுக்கடியில் கிடந்த செருப்பை எடுத்துக்கொண்டு போனார்.